உத்தரவு கையில் இருக்கிறது, பணம் எங்கே? ஜீவனாம்சத்தின் 160 ஆண்டுக் கதை

பதிவு நீளமானது. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

ஜீவனாம்சம் என்று பேச்செடுத்தால் எல்லோரும் 1985-ன் ஷா பானு வழக்கிலிருந்துதான் தொடங்குவார்கள். கதை அதற்கு 124 ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது. வரலாறு நடத்தியே ஓய்வு பெற்றவன் என்பதால் நான் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. எறையூர்ப் பக்கம் ஓய்வு பெற்ற வாத்தியார் என்றால் மனு எழுதிக் கொடுக்கும் வேலையும் கூடவே வந்துவிடும். பட்டா, முதியோர் உதவித்தொகை, ரேஷன் கார்டு, எல்லாவற்றுக்கும் வருவார்கள். விவாகரத்து ஆன பெண்களும் வருவார்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "ஆர்டர் இருக்குதுங்க சார், பணம்தான் வரல." பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக மடித்து வைத்த கோர்ட் உத்தரவை எடுத்து நீட்டுவார்கள். சிலருடையது நாலு வருடம் பழையது. இடையில் ஒரு மனுகூடப் போட்டிருக்க மாட்டார்கள். "கோர்ட்டே சொல்லியாச்சே, அவங்களே வாங்கிக் குடுப்பாங்கன்னு நெனச்சேன்" என்பார்கள்.

அப்படி நினைப்பது நியாயம்தான். ஆனால் சட்டம் அப்படி அமைக்கப்படவில்லை. ஏன் என்று புரிய 1861-க்குப் போக வேண்டும்.

ஐம்பது ரூபாய்ச் சட்டம்

1861-ல் ஆங்கில அரசு இந்தியாவுக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் கொண்டுவந்தது. அதன் 316-ஆவது பிரிவில், வசதி இருந்தும் மனைவியையும் பிள்ளையையும் கவனிக்காதவர் மாதாமாதம் பணம் தர வேண்டும் என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம் என்று எழுதினார்கள். அதிகபட்சம் மாதம் 50 ரூபாய்.

குடும்ப விஷயம் திருடன் போலீஸ் சட்டத்துக்குள் எப்படி வந்தது? கைவிடப்பட்ட பெண்ணும் குழந்தையும் தெருவுக்கு வந்து பிச்சை எடுப்பதையும், அதனால் வரும் பிற சங்கடங்களையும் தடுப்பதுதான் ஆள்பவர்களின் முதல் கவலை. 1872-ல் இச்சட்டத்தைத் திருத்தி எழுதிய ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபனும் இதை இந்தக் கண்ணோட்டத்தில்தான் பார்த்தார். பெண்ணின் உரிமை என்ற பேச்சு அங்கே இல்லை. நோக்கம் எதுவாக இருந்தாலும் ஏழைப் பெண்ணுக்கு ஒரு நன்மை கிடைத்தது. சிவில் கோர்ட்டில் வருடக்கணக்கில் அலையாமல், பக்கத்து ஊர் மாஜிஸ்திரேட்டிடமே போகலாம்.

1882-லும் 1898-லும் சட்டம் புதுப்பிக்கப்பட்டபோது இது 488-ஆவது பிரிவானது. 1973 சட்டத்தில் 125. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144. எண்கள் மாறின, எலும்புக்கூடு மாறவில்லை. கணவர் பணம் தராவிட்டால் மனைவி மறுபடி மனுப் போட வேண்டும். அபராதம் வசூலிப்பது போல வாரண்ட் பிறக்கும். அதற்கும் மசியாவிட்டால் சிறை.

இந்த 160 ஆண்டுகளில் நடந்ததெல்லாம் என்ன? பணம் தராமல் தப்பிக்க ஆண்கள் ஒவ்வொரு சந்தாகக் கண்டுபிடித்தார்கள். சட்டமும் நீதிமன்றமும் மெதுவாக ஒவ்வொன்றாக அடைத்தன.

முதல் சந்து: உச்சவரம்பு

50 ரூபாய் வரம்பு 1923 வரை இருந்தது. பிறகு 100. 1955-ல் 500. அதோடு நின்றுவிட்டது. 1973-ல் சட்டத்தையே புதிதாக எழுதியபோதும் 500-ஐத் தொடவில்லை. சில மாநிலங்கள் தனியாக உயர்த்திக்கொண்டன. நாடு முழுவதற்குமான வரம்பு நீங்கியது 2001 செப்டம்பரில்தான். 140 ஆண்டுகளில் 50 ரூபாய் 500 ஆனது, அவ்வளவுதான் முன்னேற்றம். லட்சாதிபதியின் மனைவிக்கும் இதே வரம்புதான்.

இடையில் ஒரு நல்ல காரியம் நடந்தது. "மொத்தத்தில் 500" என்று சட்டத்தில் இருந்த சொல்லைக் காட்டி, மனைவி பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்தே 500-தான் என்று ராணுவக் கேப்டன் ஒருவர் வாதாடினார். 1978-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், அந்த வரம்பு ஒவ்வொருவருக்கும் தனித்தனி என்று தீர்ப்பளித்தார். பெண்களையும் குழந்தைகளையும் காக்க வந்த சட்டத்தை அந்த நோக்கத்தோடுதான் படிக்க வேண்டும் என்றார்.

இரண்டாம் சந்து: விவாகரத்து

பழைய சட்டத்தில் "மனைவி" என்றால் மனைவி மட்டும்தான். விவாகரத்து ஆகிவிட்டால் 488-ஆவது பிரிவின்படி போட்ட உத்தரவு செத்துவிடும். மனைவி ஜீவனாம்சம் கேட்ட மறுவாரமே தலாக் சொன்னவர்கள் உண்டு.

இந்துக்களுக்கு விவாகரத்துச் சட்டமே பிற்பாடுதான் வந்தது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்கு மணவிலக்கு உரிமையும் சொத்துரிமையும் வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். சென்னை மாகாணம் 1949-ல் இருதார மணத் தடைக்கும் விவாகரத்துக்கும் தனிச் சட்டம் இயற்றியது. டெல்லி அதை 1955-ல்தான், இந்துத் திருமணச் சட்டம் மூலம் செய்தது. அந்தச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு, விவாகரத்துத் தீர்ப்பின்போதோ அதற்குப் பின்போ நிரந்தர ஜீவனாம்சம் கேட்க வழி செய்தது. அதை வசூலிக்க சிவில் தீர்ப்பைப் போலவே நிறைவேற்று மனுப் போடலாம் என்று 28-ஏ பிரிவு 1976-ல் சேர்க்கப்பட்டது.

1974 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்தான் சந்தை அடைத்தது. மறுமணம் செய்துகொள்ளாத விவாகரத்தான பெண்ணும் "மனைவி" என்ற சொல்லுக்குள் வருவார் என்று 125-ஆவது பிரிவு விளக்கம் எழுதியது.

இந்த விளக்கத்தின் மீதுதான் ஷா பானு நின்றார். இந்தூர்க்காரர். 1932-ல் திருமணம். 1975-ல் வீட்டை விட்டு அனுப்பப்பட்டார். 1978-ல் மாதம் 500 ரூபாய் கேட்டு மனுப் போட்டார். அதே ஆண்டு நவம்பரில் வக்கீலான கணவர் தலாக் சொன்னார். மாஜிஸ்திரேட் கொடுத்தது மாதம் 25 ரூபாய். மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. நாடே பற்றி எரிந்த விவகாரத்தில் தொகை அவ்வளவுதான்! 1985 ஏப்ரல் 23-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1986-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. 2001-ல் டேனியல் லத்தீஃபி வழக்கிலும், 2024 ஜூலை 10-ல் தெலங்கானாவிலிருந்து வந்த வழக்கிலும், விவாகரத்தான முஸ்லிம் பெண்ணுக்கும் உரிமை உண்டு, 125-ஆவது பிரிவின் கதவும் மூடவில்லை என்று நீதிமன்றம் தெளிவாக்கியது.

நம் ஊருக்குத் தேவையான மூன்று விஷயங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பரஸ்பர சம்மதத்தோடு விவாகரத்து வாங்கிய பெண்ணும் 125-ல் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் சொன்னது. "நீதான் விட்டுவிட்டுப் போனாய்" என்ற காரணத்தால் கணவருக்கு விவாகரத்து கிடைத்திருந்தாலும், அந்தப் பெண் விவாகரத்துக்குப் பின் கேட்கலாம் என்று 2000-ல் சொன்னது. மூன்றாவது, பஞ்சாயத்தில் உட்கார்ந்து இருபது ரூபாய் முத்திரைத்தாளில் "அத்து விட்டாச்சு" என்று எழுதி வாங்கும் காகிதம். அந்தச் சமூகத்தில் அப்படி ஒரு வழக்கம் நெடுங்காலமாக இருப்பதை நிரூபித்தால் தவிர அது சட்டப்படி விவாகரத்தே அல்ல. அந்தப் பெண் இன்னும் மனைவிதான்.

மூன்றாம் சந்து: "ஒரு மாசம் ஜெயில்ல இருந்துட்டு வந்துர்றேன்"

இதை வீம்பாகவே சொல்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளே போய்விட்டு வந்தால் கணக்கு முடிந்தது என்று நினைப்பு. 1980-களின் இறுதியில் குல்தீப் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. சிறை என்பது பணம் கொடுக்க வைப்பதற்கான நெருக்கடி, கடனைத் தீர்க்கும் வழி அல்ல. கடன் தீர ஒரே வழி பணம் கட்டுவது. உள்ளே இருந்து வந்தாலும் பாக்கி அப்படியே நிற்கும்.

வரிசையையும் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் ஜப்தி. அசையும் சொத்தைப் பறிமுதல் செய்து விற்க வாரண்ட் போடலாம். அல்லது மாவட்ட ஆட்சியருக்கு வாரண்ட் அனுப்பி, நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கச் சொல்லலாம். நிலவரி பாக்கி வசூலுக்கு நம்மிடம் இருப்பது 1864-ஆம் ஆண்டு சென்னை வருவாய் வசூல் சட்டம். தாத்தா காலத்தில் கிஸ்தி கட்டாதவர் வீட்டுக்கு ஜப்தி வந்த அதே சட்டம், இன்றைக்குப் பேத்தியின் ஜீவனாம்சத்துக்கும் உதவும். அதற்குப் பிறகும் மீதம் இருந்தால்தான் சிறை. ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதமா, மொத்தத்துக்கும் ஒரே மாதமா என்பதில் நீதிமன்றங்களுக்குள்ளேயே நீண்டகாலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. வெளியே வந்தும் தராவிட்டால் மறுபடி மனுப் போடலாம் என்பதில் சந்தேகம் இல்லை.

சிவில் வழியிலும் சிறை உண்டு. அதிகபட்சம் மூன்று மாதம். ஆனால் அங்கே ஒரு வேடிக்கை. சிவில் சிறையில் இருப்பவருக்கான சாப்பாட்டுப் படியை, வழக்குப் போட்டவர்தான் கட்ட வேண்டும். சோற்றுக்குப் பணம் கேட்டுப் போன பெண், அந்த மனிதருக்குச் சிறையில் சோறு போடப் பணம் கட்ட வேண்டும்!

நான்காம் சந்து: தூரம்

நம் பக்கம் இது பெரிய சந்து. அந்தக் காலத்தில் நாம் திருச்சிராப்பள்ளி மாவட்டம். அங்கிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கும் மலாயாவுக்கும் பர்மாவுக்கும் கப்பல் ஏறியவர்கள் ஏராளம். 1921-லேயே ஜீவனாம்ச உத்தரவு அமலாக்கச் சட்டம் என்று ஒன்று வந்தது. பிரிட்டிஷ் ஆட்சியின் ஒரு பகுதியில் போட்ட உத்தரவை, பரஸ்பர ஏற்பாடு உள்ள இன்னொரு பகுதியில் அமல்படுத்தலாம் என்றது. இங்கே எழுதப் படிக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு அது எட்டியிருக்குமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

1963-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஜாகீர் கௌர் வழக்கை இங்கே சொல்ல வேண்டும். கணவருக்கு ஆப்பிரிக்காவில் போலீஸ் வேலை. மனைவி பஞ்சாபில் மனுப் போட்டார். "நான் குடியிருப்பது ஆப்பிரிக்காவில், லுதியானா மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் இல்லை" என்றார் கணவர். லீவுக்கு வந்து மனைவியோடு தங்கியிருந்தாலே போதும், அந்த ஊர்க் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு என்றது தீர்ப்பு. 1973 சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், மனைவி குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம் என்றது. துபாயில் இருந்தாலும் திருப்பூரில் இருந்தாலும் மனுவைப் பெரம்பலூரில் போடலாம். உத்தரவின் நகலை இலவசமாகத் தர வேண்டும். இந்தியாவுக்குள் அவர் எங்கே இருந்தாலும் அந்த ஊர் நடுவரிடம் காட்டி நிறைவேற்றலாம். இப்போது இது 147-ஆவது பிரிவு.

ஐந்தாம் சந்து: "எனக்கு ஒண்ணுமே இல்லைங்க"

கோர்ட் வாசலில் இறங்கும்போது புல்லட். கூண்டில் ஏறும்போது கூலிக்காரர். இதற்கு ஓரளவு முடிவு கட்டியது ரஜ்னேஷ் - நேஹா தீர்ப்பு, 2020 நவம்பர் 4. நீதிபதிகள் இந்து மல்ஹோத்ரா, ஆர். சுபாஷ் ரெட்டி. 2013-ல் அந்த மனைவி கேட்ட தொகைக்கான பாக்கித் தகராறு 2020 வரை இழுத்தது. அதைப் பார்த்துத்தான் நாடு முழுவதற்குமான விதிகளை வகுத்தார்கள். இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். பொய் சொன்னால் அதற்குத் தனி நடவடிக்கை. ஜீவனாம்சம் உத்தரவு நாளிலிருந்து அல்ல, மனுப் போட்ட நாளிலிருந்து கணக்கு. வேண்டுமென்றே பாக்கி வைப்பவரின் எதிர்வாதத்தையே, கடைசி ஆயுதமாக, நீதிமன்றம் தள்ளிவிடலாம். உத்தரவைப் பணத் தீர்ப்பு போலவே சிவில் சட்டப்படியும் நிறைவேற்றலாம்.

இந்தக் கடைசி வரி முக்கியம். சாதாரணக் கடனுக்குச் சம்பளத்தில் கொஞ்சம்தான் பிடிக்க முடியும். ஜீவனாம்சத் தீர்ப்புக்கு மூன்றில் ஒரு பங்கை மட்டும் விட்டுவிட்டு மீதியைப் பிடிக்கலாம். 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் உத்தரவு வாங்கியிருந்தால், சம்பளம் தரும் நிறுவனமே நேரடியாகப் பெண்ணுக்குக் கட்டும்படி நடுவர் சொல்லலாம். வங்கிக் கணக்கையும், வேறொருவரிடமிருந்து அவருக்கு வரவேண்டிய பாக்கியையும் ஜப்தி செய்யலாம். கரும்பு வெட்டி ஆலைக்கு அனுப்பியவருக்கு வரவேண்டிய பணமும் அப்படி ஒரு பாக்கிதான்.

நிலம்? விவாகரத்து வழக்கு நடக்கும்போதே அண்ணன் தம்பி பெயருக்குச் செட்டில்மெண்ட் எழுதிவிடுவது நம் ஊர்ப் பழக்கம். இதற்கு முன்கூட்டியே மருந்து இருக்கிறது. 25-ஆவது பிரிவில் ஜீவனாம்சம் கேட்கும்போதே, அதை அவருடைய அசையாச் சொத்தின் மீது பொறுப்பாக்கும்படி கேளுங்கள். வக்கீல்கள் "சார்ஜ்" என்பார்கள். அந்தத் தீர்ப்பைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து வைத்தால் வில்லங்கச் சான்றில் தெரியும். நிலத்தை வாங்குபவர் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தினக்கூலியின் கூலியை சிவில் சட்டப்படி ஜப்தி செய்ய முடியாது. விவசாயியின் ஏர் மாட்டையும் விதை நெல்லையும்கூடத் தொடக் கூடாது. மாதச் சம்பளக்காரரிடம் சட்டம் நன்றாகக் கடிக்கும். கூலிக்காரரிடம் குரைப்பதோடு நின்றுவிடும்.

அடைபடாத சந்து: காலம்

இத்தனை சந்துகளை அடைத்தும் ஒன்று திறந்தே கிடக்கிறது. குற்றவியல் வழியில், பாக்கி விழுந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனுப் போட்டால்தான் வாரண்ட். அதற்கு முந்தைய பாக்கி இந்த வழியில் கிடைக்காது. நான் முதலில் சொன்ன நாலு வருடப் பழைய உத்தரவில், இன்று மனுப் போட்டால் கடைசி பன்னிரண்டு மாதப் பணத்துக்குத்தான் வாரண்ட் கேட்க முடியும். முப்பத்தாறு மாதப் பணம் கைநழுவிவிட்டது. முதல் மனுவை உரிய காலத்தில் போட்டு அது நிலுவையில் இருந்தால், அதற்குப்பின் சேரும் பாக்கியையும் அந்த வழக்கிலேயே கேட்கலாம் என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் கொஞ்சம் இளக்கம் காட்டியது. இந்துத் திருமணச் சட்டத்தில் வாங்கிய தீர்ப்பாக இருந்தால் நிறைவேற்று மனுவுக்கு 12 வருடம் அவகாசம் உண்டு. அதனால் கையில் இருக்கும் காகிதம் எந்தச் சட்டத்தில் வந்தது என்று முதலில் பாருங்கள்.

என் வருத்தம் இதுதான். 1861-ல் ஆங்கிலேயன் போட்ட அடிப்படை அப்படியே நிற்கிறது. பணம் வரவில்லை என்று தெரிவிப்பதும், அவர் எங்கே வேலை பார்க்கிறார் என்று கண்டுபிடிப்பதும், ஒவ்வொரு பாக்கிக்கும் மறுபடி படியேறுவதும் அந்தப் பெண்ணின் வேலை. எறையூரிலிருந்து ஒரு வாய்தாவுக்குப் பெரம்பலூர் போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. எதிர்த்தரப்பு வரவில்லை என்று தள்ளிவைத்தால் அந்த நாளும் வீண். ஐயாயிரம் வாங்க எத்தனை நாள் கூலியை இழப்பார்கள்? அலுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். அந்த அலுப்பை நம்பித்தான் எதிர்த்தரப்பு உட்கார்ந்திருக்கிறது.

நம் பிள்ளைகள் வேலைக்குப் போகும் சிங்கப்பூரில், 2025 தொடக்கத்திலிருந்து, பணம் வராத வழக்குகளில் இரு தரப்பின் வருமான விவரத்தையும் அதிகாரிகளே விசாரித்துச் சேகரிக்கும் முறை வந்திருக்கிறது. தராமல் ஏமாற்றுபவர் யார், உண்மையிலேயே முடியாதவர் யார் என்று பிரித்துப் பார்க்கிறார்கள். வரி பாக்கிக்கு வீடு தேடி வரும் அரசாங்கம் இங்கேயும் அதைச் செய்யலாம். சட்டத்தில் ஆட்சியருக்கு அனுப்பும் வாரண்ட் ஏற்கெனவே இருக்கிறதே.

அதுவரை, கையில் உத்தரவு உள்ளவர்கள் செய்ய வேண்டியவை:

1. மூன்று நான்கு மாத பாக்கி சேர்ந்ததுமே மனுப் போடுங்கள். ஒரு வருடத்தைத் தாண்ட விடாதீர்கள்.

2. பணத்தை வங்கிக் கணக்கில் மட்டும் வாங்குங்கள். மாமா கையில், பஞ்சாயத்தார் கையில் கொடுத்தேன் என்ற பேச்சுக்கே இடம் வேண்டாம். பாஸ்புக்தான் உங்கள் சாட்சி.

3. அவர் வேலை செய்யும் இடம், வண்டி எண், நிலத்தின் சர்வே எண், வங்கிக் கிளை, இவற்றை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வாரண்ட் வாங்குவதைவிட எதை ஜப்தி செய்வது என்று காட்டுவதுதான் கஷ்டம்.

4. வக்கீலுக்குப் பணம் இல்லை என்று நிற்காதீர்கள். 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண் என்றாலே வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

5. விலைவாசி ஏறினாலோ அவர் வருமானம் கூடினாலோ தொகையை உயர்த்தக் கேட்கவும் சட்டத்தில் இடம் உண்டு.

ஆண் நண்பர்கள் சிலர் பின்னூட்டத்தில் "எங்க கஷ்டம்?" என்று கேட்பீர்கள். வேலை போனாலோ உடம்பு முடியாமல் போனாலோ உத்தரவை மாற்றக் கேட்டு நீங்களும் மனுப் போடலாம். சட்டம் அந்த வழியையும் வைத்திருக்கிறது. சும்மா இருந்துவிட்டுப் பாக்கியை ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

ஒவ்வொரு வழக்கும் வேறு. இந்தப் பதிவை மட்டும் நம்பாமல் வக்கீலிடம் காட்டிப் பேசுங்கள். தெரிந்த பெண்களுக்கு, குறிப்பாக உத்தரவை மடித்துப் பீரோவில் வைத்திருப்பவர்களுக்கு, இதை அனுப்பி வையுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு நீங்களே படித்துக் காட்டுங்கள்.